தறிக்கூடத்தில் நான் விடியவைத்த இரவுகள்

அரசாங்க வேலைக்கு மனுப் போட்டுவிட்டு உத்தரவுக்காகக் காத்திருந்த 1930களின் இரண்டு ஆண்டுகள், ராசிபுரத்தில் ஒரு தறிக்கூடத்தில் நாவல் வாசித்துக்கொண்டிருந்தேன். எனக்காக அல்ல, நெசவாளர்களுக்காக, உரக்க. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கிக் கை தளரும் நேரத்தில் யாராவது கதை படித்தால் தறி நிற்காது என்பது முதலாளியின் கண்டுபிடிப்பு. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் என்பதால் அந்தப் பதவி எனக்குக் கிடைத்தது. ஊதியம், இரண்டு வேளைச் சோறும் நூல் மூட்டைகளுக்கு நடுவே படுக்க இடமும். இதை விட்டால் எருமப்பட்டியில் அப்பாவின் கடலைக்காடுதான். களை வெட்ட எஸ்.எஸ்.எல்.சி. தேவையில்லை என்பதை அப்பா கடிதந்தோறும் நினைவூட்டிக்கொண்டிருந்தார்.

கூடத்தில் எட்டுக் குழித்தறிகள், காலை இறக்கி உட்காரும் குழிக்கு ஒரு ஆள். இடுப்பளவுச் சுவருக்கு அந்தப் பக்கம் ராட்டையில் தார் சுற்றும், அதாவது ஊடு நூலைக் குச்சியில் ஏற்றும், பெண்கள் ஆறு பேர். சுவரோரம் முக்காலியில் நான், இரண்டு பக்கமும் கேட்கும்படி. தொல்லை இந்த இட ஏற்பாட்டில்தான் இருந்தது. தனியாகப் படிக்கும்போது கதாநாயகன் கதாநாயகியின் கையைப் பிடித்தால் அது அவர்கள் இருவர் விவகாரம். மாமனார் சுவருக்கு இந்தப் பக்கமும் மருமகள் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கும்போது உரக்கப் பிடித்தால் அது பொது விவகாரம்.

முதல் மாதமே முதலாளி என்னைக் கூப்பிட்டார். அவர் கதை கேட்பவர் அல்ல. தறிச் சத்தம் கேட்பவர்.

"நீங்க படிச்ச புள்ள, உங்களுக்குத் தெரியாததில்லைங்க. அங்க கையப் புடிச்சா இங்க இழை அறுந்து போவுது. இனியொருக்கா அறுந்துச்சுன்னா கதையும் வேண்டாம், நீங்களும் ஊருக்குக் கெளம்பீருங்க."

அவர் சொன்னதில் தவறில்லை. ஒரே ஒரு திருத்தம். நான் கவனித்தவரை, இழை அறுந்தது கை நீளும்போதுதான். பிடித்த பிறகு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாவலாசிரியர்கள் ஒரு வாரம் தறிக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டு எழுதப் போயிருந்தால் நிறையக் காகிதம் மிச்சமாகியிருக்கும்.

கடலைக்காட்டை நினைத்து நான் ஒரு நடைமுறை வகுத்தேன். பக்கத்தைத் திருப்பியதும் கட்டில், நிலவு, பஞ்சணை ஆகிய மூன்றில் எது கண்ணில் பட்டாலும், குரல் மாறாமல் "பொழுது விடிந்தது" என்று சொல்லி அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. பிற்பாடு தாலுகா அலுவலகத்தில் முப்பது வருடம் மனுக்களையும் இப்படித்தான் பைசல் செய்தேன். அங்கே அதற்குத் திறமை என்று பெயர்.

இரண்டு மாதம் ஒழுங்காக விடிந்தது. இழையும் அறவில்லை. தார் சுற்றும் பெண்களில் மூத்தவரை எல்லோரும் அக்கா என்பார்கள். அவர்தான் ஒருநாள் ராட்டையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ஏனுங்க சாமி, நீங்க படிக்கிற ஊட்டுல மட்டும் எப்பிடிங்க இத்தன சுருக்கா விடியுது? எங்கூட்டுல ராத்திரி நீளமாத்தானுங்க இருக்குது."

சுவருக்கு இரண்டு பக்கமும் சிரிப்பு. எழுதியவர் அப்படித்தான் எழுதியிருக்கிறார் என்றேன். அப்படிச் சான்று வழங்க எனக்கு எந்த அதிகாரமும் இல்லை.

அப்போது நடந்துகொண்டிருந்த கதையில் ஒரு வக்கீலுக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகியிருந்தது. மனைவி அவன்மேல் உயிராக இருந்தாள். ஒரு பக்கத்தின் முதல் வரியில் கட்டில் தென்பட்டது, விடியவைத்தேன். அடுத்த அத்தியாயத்தில் அந்தப் பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். இனி அவன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள்.

தறிகள் நின்றன. கட்டினவன் என்ன குறை வைத்தான் என்று மூன்றாம் தறிக்காரர் குழிக்குள் இருந்தே கேட்டார். காரணமில்லாமல் எவளும் பெட்டியைத் தூக்க மாட்டாள் என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. பேச்சு வக்கீல் வீட்டை விட்டு நகர்ந்து மூன்றாம் தறிக்காரர் வீட்டுக்குள் நுழைந்தது. அவருடைய மனைவியும் அங்கேதான் தார் சுற்றிக்கொண்டிருந்தார். அரைமணி நேரம் ஓய்ந்தபாடில்லை. தறிச் சத்தம் இல்லாத கூடத்தை நோக்கி முதலாளி ஓடிவந்து, நாளைக்குத் தாமே நின்று கேட்டு முடிவு சொல்வதாக அறிவித்தார்.

அன்று சாயங்காலம், விட்ட நான்கு பக்கங்களை முதன்முறையாகப் படித்தேன். கட்டில் இருந்தது. அதன்மேல் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். வக்கீல் அழுதான். அவள் முந்தானையால் அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள். அதன் பிறகு அவன், வேறொரு ஊரில் தனக்கு ஏற்கெனவே மனைவியும் குழந்தையும் இருப்பதைச் சொன்னான். அவ்வளவுதான். நான்கு பக்கத்திலும் வேறு தொடுகை கிடையாது.

மறுநாள் முதலாளி கதவருகே நின்றார். நான்கு பக்கம் விட்டுப்போயிற்று என்றேன். விட்டது யார் என்பதை விளக்கவில்லை. வாசித்தேன். அவன் அழத் தொடங்கியதும் ஒரு தறி நின்றது. அவள் கண்ணைத் துடைத்தபோது எட்டும் நின்றிருந்தன. ஓர் இழையும் அறவில்லை, ஓடினால்தானே அறும். வாசித்து முடித்தபோது மூன்றாம் தறிக்காரர் ஊடு நூல் ஓட்டும் தம் நாடாவைக் கையில் எடுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதையுங்களா சாமி விடிய வெச்சீங்க?" என்றார் அக்கா. இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

எருமப்பட்டிக்குப் புறப்படும் வண்டியை நான் மனத்துக்குள் பூட்டிவிட்டேன். முதலாளி கணக்குப் போட்டார். படித்தால் இழை அறுகிறது. விட்டால் அரைமணி நேரம் தறி நிற்கிறது.

"நாலு மணிக்கு வெத்தலை போட எப்பிடியும் தறி நிக்குது. அந்த மாதிரி எடத்தையெல்லாம் அப்பப் படிச்சுக்குங்க," என்றார்.

நான் தப்பினேன். ஆனால் காதலர்களின் பாடு திண்டாட்டமாயிற்று. கதாநாயகன் இரண்டரை மணிக்குக் கையை நீட்டினால், அவனை அப்படியே நிறுத்திவிட்டு, அடுத்த அத்தியாயத்தில் வரும் வழக்கு விசாரணையை முடித்து, நாலு மணிக்குத் திரும்பி வந்து கையைப் பிடிக்கவைப்பேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

அடுத்த நாவலில் நிலவும் பஞ்சணையும் ஒன்றாக வந்தன. மூன்று பக்கம். தேன், கொடி, மீண்டும் தேன். முறைப்படி அனுமதி பெற்ற பகுதியாதலால் நாலு மணிக்கு ஒரு சொல் விடாமல் வாசித்தேன். முதல் பக்கத்தில் எல்லோரும் காது கொடுத்தார்கள். இரண்டாம் பக்கத்தில் இருவர் எச்சில் துப்ப வெளியே போனார்கள்; திரும்பவில்லை. அக்கா வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவியபடி சொன்னார்:

"போதுங்க சாமி. விடியட்டும்."

கதவருகே நின்ற முதலாளியைப் பார்த்தேன். தலையசைத்தார். விடியவைத்தேன்.

தறிகள் மறுபடி ஓடத் தொடங்கின. அடுத்த அத்தியாயத்தில், கடிதம் ஒன்றை ஏன் மறைத்தாய் என்று புருஷனும் பெண்டாட்டியும் சண்டை. அந்த ஒரு பக்கத்தில் மட்டும் மூன்று இழை அறுந்தது. முதலாளி கதவருகேதான் நின்றிருந்தார். நான் வாசிப்பதை நிறுத்தி அவரைப் பார்த்தபோது, மேலே படிக்கும்படி கையைக் காட்டினார்.