ஏழாவது ஆளாக இறங்கிய மொகுதூம் மாமா

செய்தி வந்தபோது உம்மா வடை மாவில் வெங்காயத்தைப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆட்டம் முடிந்து வருகிறவர்களுக்கு எங்கள் வீட்டில்தான் தேநீர். ஷார்ஜா ரோலாவில் கடைகளுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்னக் கூடத்தில் நீங்கள் எல்லோரும் எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறீர்கள். போன் அடித்தது. வாப்பாவாக இருக்கும் என்று நினைத்து எடுத்தேன். பேசியது செல்வம் அண்ணன். அன்று எங்களுக்கு எதிரணியில் ஆடிக்கொண்டிருக்க வேண்டியவர்.

"தங்கச்சி, போனை உம்மாகிட்ட குடு."

"உம்மா கையில மாவு..."

"பரவால்ல, குடும்மா."

ஸ்பீக்கரில் போட்டு உம்மாவின் பக்கம் நீட்டினேன். "அக்கா, மொகுதூம் பாய் கிரவுண்டுல விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரியிலதான் நிக்கிறோம்" என்றார். பிறகு சொன்னார், "நீங்க அவசரப்பட்டு வர வேணாங்க்கா."

அந்தக் கடைசி வார்த்தையின் பொருள் உம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. மாவுக் கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு விளங்க நேரமானது. அதுவரை அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டே இருந்தது.

நீலச் சட்டை அணியில் ஆடிய உங்களுக்காக இதை எழுதுகிறேன். இப்போது நீங்கள் ஆளுக்கொரு நிறச் சட்டையில் ஆடுகிறீர்கள். இரங்கல் கூட்டத்தில் என்னையும் பேசச் சொன்னார்கள். நாலு பேர் முன்னால் எனக்குக் குரல் வராது. எழுதினால் வருகிறது.

மொகுதூம் மாமா எங்களுக்கு ரத்த உறவு இல்லை. வாப்பாவுக்கும் அவருக்கும் ஒரே ஊர். வாப்பா அவரை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவார், நான் மாமா என்பேன். ஷார்ஜா இன்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு உதிரிபாகக் கடையின் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டார். மாமியும் மகளும் ஊரில் இருக்கிறார்கள். நம் அணிக்கு வாப்பா கேப்டன், முழங்கால் அறுவைக்குப் பிறகு அவர் ஆடுவதில்லை. மாமா மேனேஜர். எனக்கும் ஒரு வேலை இருந்தது. சனிக்கிழமைதோறும் வாப்பாவின் போனிலிருந்து ஒவ்வொருவருக்கும் "நாளைக்கு வர முடியுமா?" என்று செய்தி அனுப்புவேன். அதைத் தட்டுவது வாப்பா என்றுதான் உங்களில் பலர் நினைத்திருந்தீர்கள்.

ஏழு பேர் ஆடும் நம் லீக்கில் ஆள் எடுக்கும் நாளை நீங்கள் அறிவீர்கள். குளிர்காலம் தொடங்கும்போது ஆறு கேப்டன்களும் ஒரு கஃபட்டீரியாவில் கூடுவார்கள். ஆட வந்தவர்கள் வெளியே நிற்பார்கள். கேப்டன்கள் முறை வைத்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எடுப்பார்கள். மற்றவர்கள் உதையைப் பார்த்து எடுத்தார்கள். மாமா ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேட்டார். எந்தக் கம்பெனி, என்ன ஷிஃப்ட், ஊருக்கு லீவில் போவது எப்போது. போன வருடம் நானும் உம்மாவும் பக்கத்து மேசையில் இருந்தோம். வேறொரு அணிக் கேப்டன் சத்தமாகக் கேட்டார்.

"என்ன பாய், பொண்ணு குடுக்கப் போறீங்களா? அப்படியே சம்பளத்தையும் கேட்டுருங்க."

"சம்பளம் எதுக்குப்பா? ஞாயித்துக்கிழம டூட்டி இல்லன்னு ஒருத்தன் சத்தியம் பண்ணட்டும், நாளைக்கே நிக்காஹ்" என்றார் மாமா. கடை முழுக்கச் சிரித்தது.

ஒரே கம்பெனியிலிருந்து இரண்டு பேருக்கு மேல் எடுக்க மாட்டார். அந்தக் கம்பெனிக்கு ஒரு அவசர வேலை வந்தால் அணியில் ஒரு பக்கமே காலியாகிவிடும் என்பார். "ஏழு பேர எவன் வேணா எடுப்பான். எட்டாவது ஆளு யாருன்னு பாக்கணும். அவன்தான் டீமு" என்பது அவர் அடிக்கடி சொன்னது. உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொரு ஆட்டத்திலும் கொஞ்ச நேரமாவது இறக்கிவிடுவார். ஜெயிக்கிற ஆட்டத்தில் அப்படிச் செய்து தோற்றதும் உண்டு. அன்று வீட்டுக்கு வந்து உங்களிடம் வாங்கிய ஏச்சும் எனக்கு நினைவிருக்கிறது. வடையைத் தின்றுகொண்டே தலையாட்டினார்.

மாமா செய்யாதது ஒன்று உண்டு. சீசன் பாதி ஆகும்வரை கேப்டன்கள் தங்களுக்குள் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம். இரண்டு கேப்டன்கள் சேர்ந்து ஒரு தேநீர் குடித்தால் மாற்று முடிந்தது என்று அர்த்தம். மாற்றப்பட்டவருக்குக் கடைசியில்தான் தெரியும். மாமா அந்தத் தேநீரைக் குடித்ததே இல்லை. ஏன் என்று வாப்பா கேட்டபோது அவர் சொன்னதை அடுப்படியில் இருந்து கேட்டேன்.

"நான் மொதல்ல வந்த கம்பெனி. காலையில கேம்ப் வாசல்ல நிக்கிறேன். டிரைவர், நீ இந்த பஸ் இல்ல, அந்த பஸ்சுங்குறான். ஏன்டா பாய்ங்குறேன். யல்லா யல்லா, சீக்கிரம் ஏறுங்குறான். ஏறி உக்காந்தப்புறம் பஸ்ல எழுதிருக்குறத படிச்சுத்தான் தம்பி, நான் எந்தக் கம்பெனி ஆளுன்னு எனக்கே தெரிஞ்சுது. வாரம் பூரா இந்தப் பயலுவள மாத்துறதுக்கு ஆளு இருக்கு. லீவு நாள்லயும் நாம மாத்தணுமா?"

இந்த சீசனில் முதல் ஆட்டங்களைத் தோற்றோம். கோல் அடிக்க ஆள் இல்லை. இன்னொரு அணியில் ரியாஸ் அண்ணன் இருந்தார், நன்றாக அடிப்பார். அவரைக் கொடுத்துவிட்டுத் தடுப்பில் ஆட ஒருவரைக் கேட்டார்கள். அவர்கள் கேட்டது செல்வம் அண்ணனை. ராமநாதபுரத்துக்காரர், கம்பி கட்டும் வேலை. வேகம் கிடையாது. மாமாவின் எட்டாவது ஆள் பல வருடமாக அவர்தான். ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை.

எங்கள் கூடத்தில் வாப்பா பிடிவாதமாகப் பேசினார். "காக்கா, உங்க மனசு நல்ல மனசுதான். ஆனா டீமு கடைசியில கெடக்கு. பயலுவ எல்லாம் என்னைய பாக்குறானுவ. ஒரே ஒரு தடவ."

"ஒரு தடவதான் கஷ்டம் தம்பி. ரெண்டாவது தடவ ஈசியா வந்துரும்."

"அப்ப தோத்துட்டே இருப்போமா?"

மாமா டம்ளரைத் தள்ளி வைத்தார். கடைசியில் "போ, டீ குடிச்சிட்டு வா" என்றார். வாப்பாதான் குடித்துவிட்டு வந்தார். செல்வம் அண்ணனிடம் தானே சொல்லிக்கொள்வதாக மட்டும் மாமா சொன்னார்.

செல்வம் அண்ணன் சட்டையைத் திருப்பித் தர வந்த மாலையில் கதவைத் திறந்தது நான். துவைத்து மடித்து ஒரு கடைப் பையில் வைத்திருந்தார். "என்ன பாய், எனக்கு விசா மாத்திட்டீங்களாமே?" என்று சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. காரணங்களைச் சொல்லத் தொடங்கினார். செல்வம் அண்ணன் முடிக்கவிடாமல் "சரி பாய், சரி பாய்" என்றார். தேநீர்கூட வேண்டாம் என்று படியிறங்கிவிட்டார். அவர் போன பிறகு மாமா உம்மாவிடம், "ரெண்டு வார்த்த ஏசியிருந்தான்னா நல்லாருந்திருக்கும். சரிங்குறான்" என்றார்.

ரியாஸ் அண்ணன் வந்ததும் ஜெயிக்கத் தொடங்கினோம். எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் ஆள் எடுக்கும் நாளில் மாமா எல்லோரிடமும் கேட்கும் மூன்று கேள்விகளை ரியாஸ் அண்ணனிடம் அவர் கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் மனது செல்வம் அண்ணனிடம்தான் இருந்தது. நமக்கும் கேட்கத் தோன்றவில்லை. ரியாஸ் அண்ணன், நம் அணியில் ஏற்கெனவே இருந்த இரண்டு பேர் வேலை பார்க்கும் அதே கம்பெனி.

மாற்றுக் காலம் முடிந்த பிறகு வந்த ஒரு சனிக்கிழமை, வழக்கம்போலச் செய்தி அனுப்பினேன். ரியாஸ் அண்ணனிடமிருந்து குரல் பதிவு வந்தது. பின்னால் பேருந்துச் சத்தம். "கேப்டன், ருவைஸ் சைட்டுக்கு அள்ளிட்டுப் போறானுங்க. நாங்க மூணு பேரும் ஒரே பஸ்ல. எப்ப திரும்புவோம்னு மாஃபி மாலூம், ஒண்ணும் தெரியல." ருவைஸ் இங்கிருந்து பல மணி நேரப் பயணம். அதை மாமா எங்கள் வீட்டில் உட்கார்ந்துதான் கேட்டார். திரும்பவும் போடச் சொன்னார். "மூணு பேரும் ஒரே கம்பெனியா?" என்று என்னிடம் கேட்டார். நான் தலையாட்டினேன். "நான் கேக்கலியேம்மா" என்றார்.

ஏற்கெனவே ஒருவருக்குக் கணுக்கால் வீக்கம், ஒருவர் ஊரில் லீவில். மறுநாள் மைதானத்துக்கு வந்தவர்கள் ஆறு பேர். நம் லீக்கின் விதி உங்களுக்குத் தெரியும். ஏழு பேரை இறக்க முடியாத அணி அன்றோடு கலைக்கப்படும். மிச்சம் இருப்பவர்களை மற்ற ஐந்து கேப்டன்களும் பிரித்துக்கொள்வார்கள். ஆறு பேரையும் யார் யாரோ பிரித்து எடுப்பதை மாமாவால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. பையில் கிடந்த ரியாஸ் அண்ணனின் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். ஐம்பதை நெருங்கியவர். போன வருடமே சர்க்கரைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். வாப்பா தடுத்தாராம். "நிக்கிறேன் தம்பி, ஓடவா போறேன்" என்றாராம்.

ஆனால் ஓடியிருக்கிறார். அன்று எதிரணி செல்வம் அண்ணனின் புது அணி. பந்து மாமாவிடம் வந்தபோது செல்வம் அண்ணன் விலகி வழிவிட்டாராம். மாமா நின்று, "எதுக்குடா வழி விடுற? ஒங்க டீமுக்கு ஒழுங்கா ஆடு" என்று ஏசியிருக்கிறார். அதுதான் அவர் கடைசியாகப் பேசியது என்று வாப்பா சொல்கிறார். இரண்டாம் பாதியில் கோட்டுக்குப் பக்கத்தில் குனிந்து முழங்காலைப் பிடித்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். தோளில் தூக்கிக்கொண்டு கார்வரை ஓடியது செல்வம் அண்ணன். விதிப்படி நம் அணி கலையவில்லை. ஏழு பேர் இறங்கிவிட்டார்களே.

இங்கேயே அடக்கம் செய்தார்கள். மாமியும் மகளும் போனில் முகத்தைப் பார்த்தார்கள். போனைப் பிடித்திருந்த வாப்பாவின் கை ஆடிக்கொண்டே இருந்ததால், "கொஞ்சம் அசைக்காம புடிங்க தம்பி" என்று மாமி கேட்டாராம். 

கேப்டன்கள் கூடி, மாற்றுக் காலம் முடிந்திருந்தாலும் செல்வம் அண்ணனை நமக்கே திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். அவர் வீட்டுக்கு வந்தார். வாப்பா நீலச் சட்டையைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு, "வரேண்ணே. ஆனா மறுபடி யாருக்கும் குடுத்துராதீங்க" என்றார். 

இனி நான் சொல்வது என்னைப் பற்றியது, ஆனால் மாமாவைப் பற்றியதும்கூட. பத்தாம் வகுப்புக்கு முன்னால் என் படிப்பை நிறுத்தினார்கள். உம்மாவுக்கு உடம்பு முடியாமல் இருந்தது, வீட்டில் ஆள் வேண்டும். வாப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் "சரி வாப்பா" என்றேன். எல்லோரும், எவ்வளவு பொறுப்பான பிள்ளை என்றார்கள். மாமாவும் அன்று அதைத்தான் சொன்னார். செல்வம் அண்ணன் சட்டையைக் கொடுத்துவிட்டுப் போன அந்த மாலையில் அவர் என்னைப் பார்த்து, "பள்ளிக்கூடத்த விடச் சொன்னப்ப நீயும் சரின்னுதானே சொன்ன? நெசமாவே சரியா இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. இல்லை என்று தலையாட்டினேன். அவர் எதையும் மாற்றிவிடவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "கேட்டிருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

மாமா போன பிறகு வந்த மூன்றாவது சனிக்கிழமை. ருவைஸுக்குப் போனவர்களும், லீவிலும் காயத்திலும் இருந்தவர்களும் இன்னும் திரும்பவில்லை. செய்தி அனுப்பினேன். செல்வம் அண்ணனையும் சேர்த்து ஏழு பேரிடமிருந்தும் பதில் வந்துவிட்டது. மற்றவர்கள் "வரேன்" என்றிருந்தார்கள், நம் கோல்கீப்பர் அஸ்லம் அண்ணன் மட்டும் வெறுமனே "சரி" என்று போட்டிருந்தார். மற்ற நாளாக இருந்தால் விட்டிருப்பேன். அன்று போன் செய்தேன். வாழ்க்கையில் நானாகப் போன் செய்து பேசிய முதல் ஆள் நீங்கள்தான், அஸ்லம் அண்ணே. 

"அண்ணே, நெசமாவே வர முடியுமா?"

"அதான் சரின்னு போட்டேனே."

"இல்லண்ணே. முடியுமா?"

நீங்கள் இருமினீர்கள். பிறகு, "மூணு நாளா காய்ச்சல் தங்கச்சி. நிக்க முடியல. நான் வரலன்னா கலைச்சுருவாங்கள்ல, அதான்" என்றீர்கள்.

வாப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் போனை வாங்கி அந்தச் "சரி"யைப் பார்த்தார். பிறகு, "அவன படுக்கச் சொல்லு. கலைக்கிறதுன்னா கலைக்கட்டும்" என்றார். மறுநாள் ஆறு பேர் மைதானத்துக்குப் போனீர்கள். ஐந்து கேப்டன்களும் உங்களைப் பிரித்து எடுத்துக்கொண்டார்கள். செல்வம் அண்ணனை மறுபடியும் ஒருவருக்குக் கொடுத்தாயிற்று. இந்தத் தடவை அவர் சரி என்று சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லாமல் போய்விட்டார் என்று வாப்பா சொன்னார்.

மாமா உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய அணியை ஒரு போன் அழைப்பால் நான் கலைத்துவிட்டேன் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானும் சில நேரம் நினைக்கிறேன். ஆனாலும் மாமாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, நெசமாவே சரியா என்ற அந்தக் கேள்வி மட்டும்தான். அவர் அதை என்னிடம் காலம் தாழ்த்திக் கேட்டார், செல்வம் அண்ணனிடம் கேட்கவே இல்லை. நான் ஒருவரிடம் நேரத்தோடு கேட்டுவிட்டேன். அஸ்லம் அண்ணனுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது.