பம்பாயில் ஆறு மணித்தியாலம்

என் நாட்குறிப்புகள் பத்து வயதில் தொடங்குகின்றன. இது அதற்கு ஓராண்டு முந்திய சம்பவம் என்பதால் நினைவிலிருந்துதான் எழுதுகிறேன். நேரங்களை மட்டும் அப்பாவின் பழைய பயணச்சீட்டைப் பார்த்துச் சரிசெய்துகொண்டேன்.

அப்பா பதுளையில் கணக்கு வாத்தியார். ஆப்பிரிக்காவில், வெகு தெற்கே, சாம்பியா என்ற நாட்டில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. அம்மா, நான், மூன்று வயதுத் தம்பி எல்லோரும் கூடவே கிளம்பினோம். கட்டுநாயக்காவில் விமானம் ஏறி உட்கார்ந்த பிறகுதான், பம்பாயில் இறங்கி ஆறு மணித்தியாலம் காத்திருந்து வேறு விமானம் மாற வேண்டும் என்று அப்பா சொன்னார்.

“பம்பாய் எங்கப்பா இருக்கு?”

“இந்தியாவுல.”

அதற்குப் பிறகு நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஹாலிஎலவுக்கு மேலே உள்ள தோட்டத்திலிருந்து இரண்டு அரசாங்கங்களின் ஒப்பந்தப்படி, பெரியம்மாவின் குடும்பத்தை ஒரேயடியாக இந்தியாவுக்கு அனுப்பியிருந்தார்கள். பதுளை ஸ்டேஷனில் ரயில் கோச்சி நகர்ந்தபோது அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே ஓடினாள். யாரோ இடுப்பைப் பிடித்து இழுத்து நிறுத்த வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், மாதம் ஒரு வீடாவது காலியாகும். போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. பெரியம்மா கோத்தகிரிப் பக்கம் ஒரு முகாமிலிருந்து எழுதிய முதல் கடிதத்தை அம்மா சத்தமாகப் படித்தாள்: “எல்லாருக்கும் அட்டை குடுத்துட்டாங்க. அட்டையக் காட்டினாத்தான் அரிசி. இனிமே இதுதான் நம்ம ஊரு.”

இப்போது யோசித்துப் பார்த்தேன். பெரியம்மா குடும்பம் படம் பிடித்த அதே ஸ்டூடியோவில்தான் நாங்களும் பிடித்தோம். அவர்களைப் போலவே நாங்களும் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டினோம். அவர்களைப் போலவே “போயிட்டு வர்றோம்” என்று எல்லோரிடமும் சொன்னோம். சாம்பியா என்ற ஊரே இல்லை, நான் அழாமல் வருவதற்காக அப்பா சொன்ன பொய் அது என்று முடிவுக்கு வந்தேன்.

காலை பத்து மணிக்கு இறங்கினோம். கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு மண்டபத்தில், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் எங்கள் பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு நான்கு மஞ்சள் அட்டைகளைக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். அப்பா அவற்றை அம்மாவிடம் நீட்டினார்.

“அட்டை பத்திரம். இதக் காட்டினாத்தான் சாப்பாடு.”

பெரியம்மாவின் கடிதத்தில் இருந்த அதே வார்த்தைகள். பன்னிரண்டரைக்கு அட்டையைக் காட்டியதும் சாப்பாடு வந்தது. அரிசிச் சோறு. நான் வாயைத் திறக்கவில்லை.

“ஏன்டி, பேயறஞ்ச மாதிரி இருக்க? ரெண்டு வாய் தின்னு” என்றாள் அம்மா. அவளும் சாப்பிடவில்லை. கண்ணாடிக்கு வெளியே, வெயிலில் நடமாடும் ஆட்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மணி இருக்கும். அப்பா தூங்கிப்போனார். அம்மா கைப்பையை என் மடியில் வைத்துவிட்டுத் தம்பியைக் கால் கழுவக் கூட்டிப் போனாள். நான் நான்கு அட்டைகளையும் எடுத்து, தூணோரத்துக் குப்பைத் தொட்டியில் வாழைப்பழத் தோலுக்கு அடியில் அமுக்கினேன். அட்டை இல்லாதவர்களை ஒரு நாடு எப்படி வைத்துக்கொள்ளும்?

மூன்றரைக்குச் சாம்பியா விமானத்துக்குக் கூப்பிட்டார்கள். ஊர்ப் பெயரை என் காதாலேயே கேட்டேன். வாசலில் நின்றவர் ஒவ்வொருவரிடமும் மஞ்சள் அட்டையை வாங்கிக்கொண்டு பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார். அம்மா பையைத் தரையில் கொட்டித் தேடினாள். அப்பா தம் சட்டைப் பையைத் திரும்பத் திரும்பத் தடவினார். அட்டை இல்லாமல் ஏற முடியாது, இங்கேயேதான் இருக்க வேண்டும் என்று அந்த ஆள் சொன்னதாக அப்பா அம்மாவிடம் சொன்னார். நான் தூணோரம் ஓடினேன். தொட்டியைக் கையால் காட்டினேன்.

தொட்டி காலியாக இருந்தது.

“ஐயோ, பாவி மகளே!” என்று அம்மா தலையில் கை வைத்தாள். பெரிய சாக்கை இழுத்துக்கொண்டு போன துப்புரவுக்காரப் பெண் சட்டென்று திரும்பினாள்.

“தமிழா? எந்த ஊரும்மா?”

“பதுளைங்க.”

“அது எந்த ஜில்லா?”

“சிலோனுங்க. பிள்ள அட்டையக் குப்பையில போட்டிருச்சு.”

அவள் அங்கேயே சாக்கைக் கவிழ்த்தாள். இரண்டு பேரும் மண்டியிட்டுக் கிளறினார்கள். “நல்ல புள்ள பெத்த! நாலு இருக்கா, எண்ணிப் பாரு” என்று முந்தானையில் துடைத்து ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். அம்மா எண்ணவில்லை.

“ஏங்க, கோத்தகிரி இங்கேருந்து கிட்டயாங்க?”

“கோத்தகிரியா? நான் சேலத்துக்காரி. சேலத்துக்கே ஒன்றரை நாள் ரயிலு. அங்கேருந்து பஸ்ஸு மாறிப் போகணும். யாரு இருக்கா?”

“அக்கா.”

வாசலிலிருந்து அப்பா கத்தினார். அம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள், உடனே விடவில்லை. கடைசியாக ஏறியவர்கள் நாங்கள்தான்.

நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு விமானம் கிளம்பியது. சக்கரம் தரையை விட்டதும் என் பயமெல்லாம் போய்விட்டது. ஜன்னலோரம் இருந்த அம்மா முகத்தைக் கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்தாள். தோள் குலுங்கியது. அட்டையைத் தொலைத்ததற்காக அழுகிறாள் என்று நினைத்து, அவளைத் தேற்ற, விரல் விட்டு எண்ணிக் காட்டினேன்.

“நாலு பேரும் இருக்கோம்மா. நம்ம ஆளுங்க ஒருத்தரையும் இந்தியாவுல விட்டுட்டு வரல.”

அம்மா திரும்பாமலே என் விரல்களை மடக்கித் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். நான் சரியாக எண்ணியதற்கு அது பாராட்டு என்று நம்பி, பசியோடு சாப்பாட்டுக்குக் காத்திருந்தேன்.