முதுகில் குழாய் ஒட்டாத தாள்

பிரகாஷ் காரில் மலையேறி வந்ததே துரைக்கண்ணுவுக்கு உறுத்தியது. எட்டு வருஷமாக இருவரும் ஒரே கம்பெனி. இவர் அப்பா இறந்தபோது ஒரு போன்கூடப் பண்ணாத ஆபீஸ்காரன், இன்றைக்குப் புதூர்நாடுவரை வந்து நிற்கிறான். ஒரு கையில் பிரியாணிப் பொட்டலம், இன்னொரு கையில் ஃபைல்.

"திருப்பத்தூர்ல வாங்கினேன்ணா. சூடா இருக்குது, வாசனைய பாருங்க."

"என் மூக்கு கதை உனக்குத் தெரியாதா?" என்றார் துரைக்கண்ணு.

மூக்கு போய் ஐந்து மாதமாகிறது. பக்கத்து வீட்டில் பலாப்பழம் வெட்டினால் தெருவே திரும்பிப் பார்க்கும். அவருக்கு மட்டும் தெரியாது. அடுப்பில் பால் தீய்ந்தாலும் மனைவி முத்தம்மாள்தான் ஓடிவர வேண்டும்.

இருபத்து நாலு வயதில் சாமைக் கொல்லையை அண்ணனிடம் விட்டுவிட்டு, கடலோர எண்ணெய்க் கிணறுகளில் குழாய் தூக்கப் போனவர் அவர். பிறகு பரீட்சை எழுதித் தேறி, சோதனை ஆள் ஆனார். இருபத்தொரு நாள் கிணறு, இருபத்தொரு நாள் வீடு. இப்போது வயது ஐம்பத்தொன்று. கிணற்றைச் சோதனைக்குத் திறந்து பார்க்கும்போது மேலே வரும் எண்ணெய், தண்ணீர், வாயு மூன்றையும் குறித்த நேரத்தில் பிடித்து அளந்து, தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. அந்தத் தாள்களைப் பார்த்துத்தான் பாதுகாப்பு அதிகாரிகள் கிணற்றை மறுபடி திறக்கலாமா, ஆட்களுக்கு முகமூடி கட்டாயமா என்று முடிவு செய்வார்கள்.

விஷவாயுவை அளக்க விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. முனைகளை உடைத்துப் பம்பில் மாட்டிக் காற்றை இழுத்தால், உள்ளே இருக்கும் வெள்ளைத் தூள் பழுப்பாகும். பழுப்பு எந்தக் கோடுவரை ஏறுகிறதோ அதுதான் அளவு. அளந்ததும் மற்றவர்கள் அதைத் தூக்கி எறிவார்கள். துரைக்கண்ணு எறியமாட்டார். உடைந்த முனைகளை மலையிலிருந்து கொண்டுபோன தேன்மெழுகால் அடைத்து, தாளின் பின்பக்கம் டேப் போட்டு ஒட்டிவிடுவார். அதற்காகவே 'தேன்காரர்' என்று அவருக்குப் பட்டப்பெயர் விழுந்தது.

"சும்மா ஃபார்மாலிட்டிணா," என்று பிரகாஷ் ஃபைலைத் திறந்தான். "ஏழாம் நம்பர் கிணத்துத் தாளெல்லாம் மழையில நனைஞ்சி போச்சு. அதே அளவுதான், புதுசா எழுதி எடுத்தாந்திருக்கேன். பதினாலு கையெழுத்து போட்டா போதும்."

"இதுக்கா இவ்ளோ தூரம் வந்த? நான் அடுத்த வாரம் அங்க வரத்தான போறேன்?"

"திங்கக்கெழமை கிணத்தத் திறக்கறோம்ணா. உங்க மச்சான் கோவிந்தன் டீமுதான்."

டீ கொண்டுவந்த முத்தம்மாள் அப்படியே நின்றாள். கோவிந்தன் அவள் தம்பி.

துரைக்கண்ணு தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எல்லாம் ஒரே மை, ஒரே ஆள் எழுதியது. ஒன்பதாவது தாளில் நின்றார். விஷவாயு: பூஜ்ஜியம்.

அந்த நாள் அவருக்கு மறக்காது. அதற்கு முந்தைய எட்டு அளவும் உண்மையிலேயே பூஜ்ஜியம்தான். அந்தத் தைரியத்தில் வியர்வை துடைக்க முகமூடியைக் கழற்றினார். அது அவர் செய்த தப்பு. திரும்ப மாட்டுவதற்குள் இரண்டு மூச்சு உள்ளே போய்விட்டது. குழாயில் பழுப்பு கடைசிக் கோடுவரை, இருநூறுவரை ஏறியிருந்தது. அதோடு மூக்கும் போனது.

தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"நனைஞ்ச தாளு எங்க?"

"தூக்கிப் போட்டாச்சுணா."

"தாளு நனைஞ்சது சரி. பதினாலு கண்ணாடிக் குழாயும் கரைஞ்சா போச்சு?"

பிரகாஷ் டீயைக் குடித்தான்.

"அப்போ இவரு மூக்கும் மழையில நனைஞ்சிதான் போச்சா தம்பி?" என்றாள் முத்தம்மாள்.

"அக்கா, நான் நல்லதுக்குச் சொல்றேன். இவரு கையெழுத்து போடலன்னா அடுத்த தபா கம்பெனியில வேலைக்கிக் கூப்பிட மாட்டாங்க."

துரைக்கண்ணு பேனாவை வாங்கினார். பிரகாஷின் முகம் தெளிந்தது. ஒன்பதாவது தாளின் குறுக்கே அவர் நிதானமாக எழுதினார்: 'இது என் தாள் அல்ல. அன்று நான் அளந்தது இருநூறு. குழாய் ஒட்டிய தாளைக் கேட்கவும். முகமூடி இல்லாமல் ஆட்களை விடக் கூடாது.' கீழே கையெழுத்து, தேதி. மை காய்வதற்குள் முத்தம்மாள் அவர் போனில் படமெடுத்துவிட்டாள்.

"இன்னாணா இது!" பிரகாஷ் தாளைப் பிடுங்கினான்.

"கையெழுத்து கேட்ட. போட்டுட்டேன்."

"யாருக்கு அனுப்புவீங்க? இந்த ஊர்ல டவர் ஏது?" என்று ஃபைலைக் கட்டிக்கொண்டு காருக்கு நடந்தான்.

டவர் இல்லைதான். கீழே மூன்றாவது வளைவில்தான் சிக்னல் கிடைக்கும். பிரகாஷ் கதவைத் திறப்பதற்குள் துரைக்கண்ணு முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டும் போட்டுக்கொண்டார். காரைப் பார்க்க ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். அவர்கள் எதிரில் அவரைப் பிடித்து இறக்க முடியுமா?

"வளைவுல எறக்கி விட்டுடுப்பா," என்று முத்தம்மாள் பிரிக்காத பிரியாணியைப் பின்சீட்டில் வைத்தாள். "இத வழியில சாப்புடு."

வளைவு வந்ததும் போன் கிணுகிணுத்தது. படத்தைப் பாதுகாப்பு அதிகாரிக்கு அனுப்பினார். அந்த எண் துரைக்கண்ணுவின் அடையாள அட்டையின் பின்பக்கத்திலேயே அச்சாகியிருந்தது. அப்புறம் பிரகாஷ் கேட்கும்படியே கோவிந்தனைக் கூப்பிட்டார்.

"இன்னா மாமா?"

"ஏழாம் நம்பருல வெஷம் கீது. மாஸ்க் இல்லாம கிட்ட போவாத. எவன் தாளு காமிச்சாலும் திருப்பிப் பாரு. முதுகுல குழாய் இல்லன்னா அது என்னுது இல்ல."

இறங்கி, மூச்சு வாங்க மேலே நடந்தார்.

திங்கட்கிழமை கோவிந்தன் கூப்பிட்டபோது வளைவில்தான் காத்திருந்தார். கிணற்றைத் திறக்கவில்லையாம். அதிகாரிகள் வந்து பழைய தாள்களைக் கேட்கிறார்களாம்.

வீட்டில் இருக்கும் இருபத்தொரு நாளும் முடிந்தது. கம்பெனியிலிருந்து துரைக்கண்ணுவுக்கு அழைப்பு வரவில்லை. அவர் அண்ணனோடு சாமைக் கொல்லைக்குப் போனார்.