இரண்டாவது துணி

சப்பாத்தைக் கழற்றியதும் சீலாஸ் உள்ளே வந்துவிடுவதில்லை. கால்மிதியில் நின்றபடி சட்டைப்பையிலிருந்து மடித்த துணியொன்றை எடுத்துத் தரையில் வைக்கிறார். தலை குனிந்து பேசத் தொடங்குகிறார்: தான் யார், தன் ஆட்கள் எந்தக் கடற்கரையினர், இந்த வீட்டுக்கு எதற்காக வந்திருக்கிறார். வீட்டார் அந்தத் துணியைக் கையில் எடுத்தால்தான் உள்ளே காலடி வைப்பார். கோப்பி குடிக்க வந்தாலும் இதேதான்.

“எடு பிள்ளை, கெதியா எடு. ராசா பேசி முடிக்க வடை ஆறிப்போம்,” என்று அப்பா என்னை ஏவுவார்.

“வடை ஆறட்டும் அண்ணை. கேக்காமல் உள்ளுக்கை பூந்தவை ஆரெண்டு உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்,” என்பார் சீலாஸ்.

ஒஸ்லோவின் புறநகரான எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் குடியிருப்பின் பராமரிப்பாளர் அவர். பனி தள்ளுவார், அடைத்த குழாயைத் திறப்பார். பசிபிக்கில், இன்றும் பிரான்சின் ஆட்சியில் இருக்கும் ஒரு சிறு தீவில், தலைவர் வீட்டின் இளைய மகனாகப் பிறந்தவர். பாரிசில் படிக்கப் போன இடத்தில், தமிழ்க் கடையொன்றில் வேலைக்கு நின்ற பூமணி அக்காவைக் கண்டார். அக்காவை மணந்து அவருடன் ஒஸ்லோ வந்து சேர்ந்தார். தமிழும் அக்காவிடம் பழகியதுதான். கோபம்கூட யாழ்ப்பாணத் தமிழில் வரும். எங்கள் ஆட்கள் அவரை ‘ராசா’ என்பார்கள். பாதி கேலி, பாதி மரியாதை.

எந்தக் குளிரிலும் அவர் தொப்பி போடுவதில்லை. காது சிவந்து போனால் சால்வையைச் சுற்றிக்கொள்வார். ஒருமுறை காரணம் கேட்டேன்.

“அப்பப்பாவுக்கு வெள்ளைக்காரன் பொன்கரை போட்ட தொப்பி ஒண்டு குடுத்தவன். பிறகு றோட்டுப் போட ஆள் கேட்டவன். ஆர் போறதெண்டு அப்பப்பாதான் சொல்லோணும். முதல் தன்ரை மகனைத்தான் அனுப்பினவர். என்ரை அப்பாவுக்கு அங்கைதான் கால் போனது. அப்பிடியும் ஊரிலை பாதிச்சனம் அப்பப்பாவோடை கதைக்கேல்லை.”

எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான். அங்கே படித்த பாடங்களில் தலைவர்கள் எதிர்த்தவர்களாக இருந்தார்கள், அல்லது விலைபோனவர்களாக. அந்த அப்பப்பாவை எந்தப் பக்கம் வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

போன மாதம் தீவில் சீலாஸின் அண்ணன் இறந்துவிட்டார். அவர்தான் தலைவர். ஊரார் மீன்பிடிக்கும் குடாவில் துறைமுகம் கட்ட பிரெஞ்சு நிர்வாகத்துக்குத் தலைவரின் சம்மதம் வேண்டியிருந்தது. அண்ணன் கடைசிவரை கொடுக்கவில்லை. கதிரை காலியாகக் கிடந்தால் நிர்வாகம் தனக்குத் தோதான ஒருவரை இருத்திவிடும். சீலாஸ் திரும்பிப் போகவேண்டும், போனால் அங்கேயே இருக்கவேண்டும். ஊரார் தொலைபேசியில் கேட்டபோது அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

கேட்பதற்கு அண்ணனின் மகன் வாஜோ நேரில் வந்தான். அப்பாவும் நானும் விமான நிலையத்திலிருந்து அவனைக் கூட்டிவந்தோம். சீலாஸ் வீட்டு வாசலில் துணி வைத்தான், பேசினான், அக்கா எடுத்தார். உள்ளே வந்ததும் கூடத்தின் நடுவில் இன்னொரு துணியை வைத்து, தரையில் அமர்ந்து தங்கள் மொழியில் மறுபடியும் பேசத் தொடங்கினான். சீலாஸ் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். தேத்தண்ணித் தட்டோடு குசினியிலிருந்து அக்கா வந்தார்.

“பிள்ளை இவ்வளவு தூரத்தாலை வந்து நிலத்திலை இருக்குது. ஒருத்தரும் எடுக்கேல்லையே?” என்றபடி குனிந்து துணியை எடுத்தார்.

வாஜோவின் பேச்சு நின்றது. முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினான்.

ஒஸ்லோவில் அதுவரை யாரும் சீலாஸின் முன் இரண்டாவது துணி வைத்ததில்லை. அக்காவுக்கு வாசல் துணி மட்டும்தான் தெரியும்.

“இது வேறை, பூமணி,” என்றார் சீலாஸ் மெதுவாக. “இதை வீட்டுக்காரர் எடுத்தால் நான் போறன் எண்டு அர்த்தம்.”

“ஐயோ கடவுளே! நான் திருப்பி வைக்கிறன்.”

“வைச்சால் மாட்டன் எண்டு அர்த்தம்.”

“தெரியாமல் எடுத்தவ எண்டு சொல்லுங்கோ ராசா,” என்றார் அப்பா. “பெடியனுக்கு விளங்கும்.”

“சொல்லலாம். விடுவான். பிறகு அந்தக் கதிரையிலை அவங்கடை ஆள் இருப்பான்.” சீலாஸ் அக்காவைப் பார்த்தார். “நீர் சொல்லும்.”

அக்கா துணியோடு நின்றார். யன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

“அங்கை குளிரே?”

“இல்லை.”

“நுளம்புக்கடி?”

“கனக்க.”

“என்னாலை இப்ப வரேலாது. பிள்ளையள் படிக்குதுகள், என்ரை வேலையும் இருக்கு.”

“தெரியும்.”

அக்கா துணியை உதறி விரித்தார். இரண்டு முனைகளைத் தான் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் அவர் பக்கம் நீட்டினார். சீலாஸ் எழுந்து பிடித்தார். சேலை மடிப்பதுபோல் இழுத்து, ஓரம் சேர்த்து, ஒருவரையொருவர் நோக்கி நடந்து மடித்தார்கள். துணி உள்ளங்கையளவு சிறுத்தபோது அக்கா அதை இறுகப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். பிறகு நீட்டினார். அவர் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.