தான்றிமரம் இளைத்த கதை

புனேயின் வானவடியில் ரவிசந்திரன் வீட்டு வாசலில் எந்தப் பால்காரரும் அதிக நேரம் நிற்க விரும்புவதில்லை. சமையலறை ஜன்னலோரம் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் லாக்டோமீட்டர் ஒன்று எப்போதும் தயாராக நிற்பதுதான் காரணம். ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மற்றவர்கள் கிளம்பும்போது சந்தேகத்தை ஆபீஸிலேயே விட்டுவிட்டு வருவார்கள். இவர் அதையும் பிராவிடண்ட் ஃபண்டோடு சேர்த்து வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். காய்கறி விற்கும் பாஜிவாலியின் தராசு, லிஃப்டில் எழுதியிருக்கும் எடை, வாட்ச்மேனின் இருமல் எல்லாமே மறுபரிசோதனைக்கு உரியவை. இவரைப் பரிசோதிக்கத்தான் ஆளில்லை. மனைவி பாமாவுக்கு அதற்கு நேரமில்லை.

இப்படிப்பட்டவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மரம் அளக்கப் போனார். புனேக்கு மேற்கே மலைக்குள், முல்ஷி தாண்டி, சாமிக்கென்று விட்ட காடுகள் உண்டு. தேவராயி என்பார்கள். தலைமுறை தலைமுறையாகக் கோடாரி படாத காடு. அங்குள்ள கிழட்டு மரங்களை அளந்து, படமெடுத்து, பதிவு செய்ய ஒரு குழு இருந்தது. தேவராயிக்குள் இரும்பு போகக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. ஸ்டீல் டேப்பைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டு, துணி டேப்போடுதான் நுழைய வேண்டும். ரவிசந்திரன் தன் துணி டேப்பை மட்டுமே நம்பினார். வாங்கிய அன்றே ஸ்டீல் ஸ்கேலில் வைத்து அடி அடியாகச் சரிபார்த்த டேப் அது.

கோடையில் அவர் ஒரு தான்றிமரத்தைக் கண்டுபிடித்தார். பூசாரி தாத்யா குரவ் தன் புகையிலை டப்பாவிலிருந்து சுண்ணாம்பு எடுத்து, நெஞ்சுயரத்தில் ஒரு பொட்டு வைத்தார். பொட்டின் மேலாக டேப்பைச் சுற்றினால் இருபது அடி. காட்டிலேயே பெரிய மரம். ஊர்க்காரர்கள் காட்டு வாசலில் ஒரு பலகை வைப்பதாக இருந்தார்கள். பெரிய மரம் எது, சுற்றளவு என்ன, கண்டுபிடித்தவர் யார் என்று அதில் எழுதுவார்கள்.

அந்தக் கடைசி வரிக்காக ரவிசந்திரன் தூக்கம் கெட்டார். வேலை பார்த்த காலமெல்லாம் அவர் கைபட்ட பெட்டிகளில் ஒரு முத்திரை எண்தான் இருந்தது. பெயர் எதிலும் இல்லை. திருச்சியில் இருக்கும் தம்பிக்குப் பலகையைப் பற்றி ஏற்கெனவே சொல்லியாயிற்று.

இடையில் முளைத்தார் பத்ரிநாத். அதே குழுவில் இருந்த கோயமுத்தூர்க்காரர், மகர்பட்டாவில் ஐ.டி. வேலை. அதே காட்டில் ஒரு மாமரத்தை அளந்து இருபது அடி நாலு அங்குலம் என்றார். மழை முடிந்ததும் சரிபார்க்கப் போனவர் நம் பரிசோதகர்தான். அவர் டேப்பில் வந்தது பத்தொன்பது அடி பத்து அங்குலம்.

"ஐ.டி.காரங்க ரெஸ்யூமேவத்தான் நீட்டுவீங்கன்னு நெனச்சேன். மரத்தையுமா?"

"நான் ரெண்டு தடவ அளந்தனுங்க சார்."

"எந்த டேப்புல? ஆன்லைன்ல வாங்கினதுலயா?"

மாமரம் தள்ளுபடி ஆனது. பத்ரிநாத் கோபப்படவில்லை. "அப்டியே உங்க தான்றியையும் ஒருக்கா அளந்துட்டா முறையா இருக்குமுங்க சார். மழைக்கப்புறம் எல்லா மரத்தையும் பாக்கணும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க," என்றார். ரவிசந்திரன் சிரித்தபடி ஒப்புக்கொண்டார். மழை குடித்த மரம் ஏறினாலும் ஏறியிருக்கும்.

அடுத்த ஞாயிறு பத்ரிநாத் டேப்பின் நுனியைப் பிடிக்க, இவர் மரத்தைச் சுற்றி வந்தார். கொடிகளை விலக்கி, பட்டையோடு ஒட்ட வைத்து, சுண்ணாம்புப் பொட்டில் கொண்டுவந்து சேர்த்தார். பத்தொன்பதரை அடி. மறுபடி சுற்றினார். அதே பத்தொன்பதரை.

மரம் இளைத்திருந்தது.

"டேப்ப ஒருக்கா செக் பண்ணிரலாங்களா சார்?"

"என் டேப்பையா?"

பத்ரிநாத் தன் டேப்பை நீட்டினார். "இத யாரு சர்டிஃபை பண்ணினது?" என்று கேட்டு ரவிசந்திரன் அதைத் தொடக்கூட மறுத்தார். மரத்தைத் தடவினார், முகர்ந்தார். தான்றி மருந்துமரம். பட்டையை எவனோ நைசாகச் சீவி விற்றிருக்கிறான். சுண்ணாம்புப் பொட்டையும் இடம் மாற்றியிருக்கிறார்கள். சுண்ணாம்பு யாருடையது? தாத்யாவுடையது. அன்றைக்கு டப்பாவை அவ்வளவு தாராளமாக நீட்டினாரே, அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பூசாரியிடம் இந்தியில் கேட்டே விட்டார். "தாத்யா, யாரு பட்டை உரிச்சா?"

தாத்யா மரத்தை நிதானமாக மேலிருந்து கீழே பார்த்தார். "இந்தக் காட்டுல காஞ்ச சுள்ளி எடுத்து அடுப்பெரிக்கவே எங்க ஊர்ல பயப்படுவாங்க சாஹேப். இப்பத்தான் நவராத்திரி முடிஞ்சுது. ஒம்பது நாளும் உபவாசம் இருந்திருக்கும். அதான் இளைச்சிருச்சு."

பத்ரிநாத் இருமுவதுபோல் திரும்பிக்கொண்டார். இரண்டு பேரும் கூட்டு என்பது ரவிசந்திரனுக்கு அந்த இருமலில் உறுதியாயிற்று.

வீட்டுக்கு வந்து டேப்பை மேஜைமேல் போட்டார். பாமா பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இத எதுக்குங்க எடுத்துட்டுப் போனீங்க? தேவைன்னா சொல்லியிருக்கலாமில்ல?"

"என் டேப்ப நான் எடுக்க உன்கிட்ட சொல்லணுமா?"

"மழ பூரா துணி காயப்போட்டது அதுலதானே. மழ விட்டப்புறம்தான் சுருட்டி ஒங்க ட்ராயர்ல வெச்சேன். ஓரத்துல க்ளிப் தடம்கூட இருக்கு பாருங்க."

ட்ரை பால்கனி என்று பெயர் வைத்துக்கொண்டு வருஷம் முழுக்க ஈரமாக இருக்கும், துணி காயப்போடும் அந்த இடத்துக்கு ரவிசந்திரன் போனதே கிடையாது. அது பாமாவும் வேலைக்கு வரும் பாயியும் ஆளும் பிரதேசம்.

"துணி காயப்போட வேற கயிறு கெடைக்கலியா ஒனக்கு?"

"கயிறு அறுந்துபோச்சு, வாங்கிட்டு வாங்கன்னு ஜூன்லயே சொன்னேன். போனீங்க. கடைக்காரன் கயித்துல அரையடி கம்மி, திருட்டுப் பயன்னு அவனோட சண்ட போட்டுட்டு வெறுங்கையோட வந்தீங்க. மழைல நான் எதுல போடறது? ஒங்க பேண்ட்டு, பெட்ஷீட்டு, எல்லாம் அதுலதான் தொங்குச்சு."

மூன்றடி ஸ்டீல் ஸ்கேலை எடுத்து டேப்போடு சேர்த்து வைத்தார். டேப்பின் மூன்றடிக் கோடு ஸ்கேலைத் தாண்டி ஏறக்குறைய ஓர் அங்குலம் வெளியே போய் நின்றது. ஈரப் பெட்ஷீட்டின் கைங்கரியம். டேப் நீண்டால் மரம் குறையும். தன் வாழ்க்கையிலேயே அவர் மறுபரிசோதனை செய்யாத ஒரே பொருள் இது.

தான்றி இளைக்கவில்லை. இருபதடி இருபதடிதான். முகத்தில் வெளிச்சம் வந்தது. வந்த வேகத்தில் போனது. இந்த டேப் தான்றியைக் குறைத்தது என்றால் மாமரத்தையும் குறைத்திருக்கிறது. அப்படியென்றால் பத்ரிநாத் சொன்ன நாலு அங்குலம் நிஜம்.

வாயை மூடிக்கொண்டு புது டேப் வாங்கிவிட்டால் போதும். தான்றி இருபதடிக்குத் திரும்பிவிடும். மாமரம் தள்ளுபடியானது ஆனதுதான். பலகையில் பெயர் வந்துவிடும். யாருக்குத் தெரியப்போகிறது?

"என்ன யோசன?"

"ஒண்ணுமில்ல."

"நீங்க ஒண்ணுமில்லன்னா என்னவோ இருக்கு," என்றாள் பாமா. அவர் முகத்தையே பார்த்தபடி நின்றாள். அந்தப் பார்வை அவருக்குப் பழக்கமானது. பால்காரரை அவர் பார்ப்பது அப்படித்தான்.

போனை எடுத்தார். "பத்ரிநாத், உங்க மாமரம்தான் பெருசு. என் டேப் தப்பு."

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த டி.வி. அணைந்தது.

"நீங்களே சொல்றீங்களா சார்?"

"நான்தான் சொல்றேன்."

"பொறுங்க சார், அவசரப்பட வேண்டாமுங்க. ரெண்டு மரத்தையும் புது டேப்புல, மூணாவது ஆள வெச்சு அளந்துரலாம். தப்பா எடுத்துக்காதீங்க, திடீர்னு நீங்க இப்டி ஒத்துக்கறதுல என்னமோ இருக்குதுங்க."

ரவிசந்திரனுக்கு முதல்முறையாகப் பத்ரிநாத்தைப் பிடித்துப்போனது.

அளந்தார்கள். மாமரம்தான் ஜெயித்தது. பலகையில் பத்ரிநாத் பெயர் ஏறியது. பலகையை நட்ட அன்று ரவிசந்திரனும் போயிருந்தார். எல்லோரும் கை தட்டினார்கள், அவரும் தட்டினார். தட்டி முடித்ததும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பலகையைப் பார்த்தார்.

"இடது பக்கம் ஒரு விரக்கடை எறங்கியிருக்கு."

"விடுங்க சார்," என்றார் பத்ரிநாத்.

தாத்யா குரவ் மட்டும் தள்ளிப்போய் நின்று, தானும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு குனிந்து, பலகையின் இடது காலுக்கு அடியில் வைக்க ஒரு கல் தேட ஆரம்பித்தார்.