ஏழு வயசு ஆவட்டு

ஐந்து வயது மகளைத் தொழுகைப் பாயிலிருந்து விரட்டிய ஒரே தகப்பன் பாறசாலைப் பக்கத்தில் நானாகத்தான் இருப்பேன். அதையும் பக்தியின் பேரில் செய்தேன் என்பதுதான் கேவலம்.

முதல் ஏழு வருஷம் பிள்ளையை விளையாட விடு, அடுத்த ஏழில் ஒழுக்கம் படிப்பி, அதற்கடுத்த ஏழில் கூட்டாளியாக இரு என்று எங்கள் மார்க்கத்தில் சொல்வதுண்டு. ஏழு வயதில் தொழச் சொல்ல வேண்டும் என்பதும் உண்டு. பிள்ளைகள்மேல் உள்ள தயவில் சொன்னது. தொண்ணூறுகளில் குழந்தை வளர்ப்புப் புத்தகங்களாக வாங்கிக் குவித்த நான், அதை ரயில் அட்டவணைபோல வாசித்தேன்.

பள்ளிவாசல் தூரம் என்பதால் அந்தி நேரத்து மஃரிபு தொழுகை வீட்டில்தான். பாயை விரித்தால், துவர்த்துத் துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு மகள் வந்து ஓரத்தில் ஏறி நிற்பாள்.

"நானும் தொழட்டா வாப்பா?"

"இது உனக்கு விளையாட்டுக் காலமாக்கும். ஏழு வயசு ஆவட்டு. போய்க் களி மக்கா."

"களிச்சு முடிஞ்சாச்சு."

"அப்ப இன்னும் கொறச்சு களி."

"பிள்ளை தானா வந்து நிக்குது, எதுக்கு வெரட்டுதிய?" என்பாள் மனைவி. புத்தகம் படிக்காதவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

ஏழு நிறைந்தது. நெய்யாற்றின்கரையில் சின்னப் பாய் ஒன்று வாங்கி, என் பாய்க்குப் பின்னால் விரித்து அழைத்தேன்.

"நான் களிக்கப் போணும்" என்றாள்.

கெஞ்சினேன். மிட்டாய் கொடுத்தேன். குரலை உயர்த்தினேன். சில நாள் வந்து நிற்பாள். தொழும்போது திரும்பிப் பார்க்க முடியாதே! தொழுகை முடிந்து சலாம் கொடுத்துத் திரும்பினால் பாய் மட்டும் கிடக்கும். ஆள் பக்கத்து வீட்டில். அங்கே கிறிஸ்தவக் குடும்பம் மாலை ஜெபத்துக்கு உட்கார்ந்திருக்கும், கைக்குழந்தை உட்பட. யாரும் அதன் வயதை விசாரித்ததாகத் தெரியவில்லை. எனக்கோ எரிச்சலில் ஓதுவது மறந்து போகும். இதற்கு எந்தப் புத்தகத்திலும் அத்தியாயம் இல்லை.

ஒருநாள் காட்டாக்கடையில் வேலை சீக்கிரம் முடிந்து, சாயங்கால அஸர் தொழுகை நேரத்தில் வீட்டுக்கு வந்தேன். உள்ளறையில் மனைவி தொழுதுகொண்டிருந்தாள். அவள் பாயின் ஓரத்தில் அதே துவர்த்து முக்காடு, நெற்றி தரையில். ஒரு பிசகில்லை. நான் வேலைக்குப் போகிற நாளெல்லாம் இப்படித்தானாம், ஐந்து வயதிலிருந்தே.

"எனக்க கூட மட்டும் ஏன் நிக்க மாட்டேங்குத?"

"நீங்க போய்க் களின்னு சொல்லுவிய" என்றாள் மகள்.

மனைவி பாயை மடித்துக்கொண்டே சொன்னாள்: "மூணாவது ஏழுலயாக்கும் நீங்க அவளுக்குக் கூட்டாளி. அதுக்கு இன்னும் ஏழு வருஷம் கெடக்கு. அதுவரைக்கும் நீங்க போய்க் களிங்க."