சாலைக்கு அந்தாண்ட ஒரு வெளிநடப்பு

ஆந்திராவில், புத்தூர் தாண்டி, நகரி சாலையில் ஒரு டீக்கடை. டிவியில் சட்டசபை ஓடுகிறது. பேச நேரம் தரவில்லை என்று எதிர்க்கட்சிக்காரர்கள் வெளிநடப்பு செய்கிறார்கள். என் எதிரே உட்கார்ந்திருக்கும் அதே கட்சிக்காரர் முனிரத்தினமும் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சாலையைக் கடந்து மதகுக் கட்டையில் போய் உட்காருகிறார். கடையில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவங்க வெளிய போனா இவனும் போயிடுவான் சார். சபை கலையற வரைக்கும் உள்ள வர மாட்டான்," என்கிறார் பக்கத்திலிருக்கும் ஆளுங்கட்சிக்காரர் கோவிந்தசாமி. சொல்லிக்கொண்டே முனிரத்தினத்துக்கும் சேர்த்து டீ சொல்கிறார்.

"தொகுதிய மறுபடி பிரிக்கப் போறாங்களாம். இந்த ரோடுதான் எல்லையாம். அவன் வூடு அந்தாண்ட, என் வூடு இந்தாண்ட. ஆளுக்கொரு எம்எல்ஏ ஆயிட்டா, அப்பறம் எத வச்சிக்கினு நாங்க சண்ட போடறது?"

சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டுகிறார். ஊரை இரண்டாக்க வேண்டாம் என்று தெலுங்கில் எழுதிய மனு.

"காரணம்னு ஏரித் தண்ணியத்தான் எழுதிக்கிறேன். இதயா எழுத முடியும்?"

கீழே அவர் கையெழுத்து மட்டும் இருக்கிறது. டீயும் மனுவுமாகச் சாலையைக் கடக்கிறார். நானும் பின்னால் போகிறேன். முனிரத்தினம் தாளைத் தொடைமேல் விரித்து, ஒரு வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறார்.

"போட்டாச்சில்ல, உள்ள வாடா."

டீயை மட்டும் வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் முனிரத்தினம்.

"சபை இன்னும் நடந்துக்கினு இருக்குதே."